சாவி வாங்கும் நாளிலேயே மீட்டரைப் பாருங்கள்: குமரியிலிருந்து பிரிட்டன் செல்பவர்களின் முதல் குளிர்காலத்துக்கு

கன்னியாகுமரி மாவட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு, கரண்டு பில் என்றாலே சித்திரை, வைகாசி மாதங்கள்தான் நினைவுக்கு வரும். மின்விசிறி நிற்காமல் சுற்றும், ஏசி இருக்கும் வீட்டில் அதுவும் ஓடும், இரண்டு மாதக் கணக்கு ஐந்நூறு யூனிட்டைத் தாண்டிவிடுமோ என்று வீட்டில் ஒருவர் அவ்வப்போது மீட்டரை எட்டிப் பார்ப்பார். மார்கழி அதிகாலையில்கூட வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வமான ஊர் இது. குளிருக்காகக் காசு செலவழிப்பது என்றால் ஒரு கம்பளி வாங்குவதோடு முடிந்துவிடும். பிரிட்டனில் இந்தக் கணக்கு தலைகீழ். அங்கே பில் உச்சத்துக்குப் போவது டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. விளக்கும் மிக்ஸியும் டிவியும் தின்பது அதில் சிறு பகுதிதான். பெரும்பகுதி, வீட்டையும் தண்ணீரையும் சூடாக்குவதற்குப் போகிறது. செவிலியராகவோ, பராமரிப்புப் பணிக்கோ, படிப்புக்கோ தக்கலை, குலசேகரம், நாகர்கோவில் பக்கங்களிலிருந்து புறப்படுகிறவர்கள் இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வாங்கிக்கொண்டால் பாதி அதிர்ச்சி குறையும். பல ஆண்டுகள் அங்கே இருந்துவிட்டு ஊர் திரும்பிய நான், என்னிடம் கேட்கப்படும் கேள்விகளுக்கான பதிலாகவே இதை எழுதுகிறேன்.

முதலில் விலை. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகிய மூன்று பகுதிகளிலும் வீடுகளுக்கான மின்சாரம், எரிவாயு விலைக்கு ஆஃப்ஜெம் என்ற ஒழுங்காற்று அமைப்பு 2019 ஜனவரி முதல் ஓர் உச்சவரம்பை விதித்து வருகிறது. இப்போது அது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறுகிறது. வட அயர்லாந்துக்கு ஏற்பாடு தனி. 2021 அக்டோபரில் ஒரு சராசரி வீட்டுக்கு ஆண்டுக்கு 1,277 பவுண்டு என்று இருந்த இந்த வரம்பு, எரிவாயு விலை ஏறியதால் 2022 ஏப்ரலில் 1,971 ஆனது. அந்த ஆண்டு அக்டோபரில் அரசே தலையிட்டு 2,500இல் நிறுத்திப் பிடிக்க வேண்டியிருந்தது. பிறகு இறங்கியது, ஆனால் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. முப்பந்தல் காற்றாலைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இங்கே ஒரு கேள்வி எழும்: பிரிட்டனிலும் கடலுக்குள் அவ்வளவு காற்றாலைகள் நிற்கின்றனவே, பிறகு ஏன் இந்த விலை? அந்நாட்டு மின்சந்தையில் பெரும்பாலான நேரங்களில் விலையைத் தீர்மானிப்பது, கடைசியாக இயக்கப்படும் எரிவாயு மின்நிலையத்தின் செலவு. அதனால்தான் காற்று வீசினாலும் எரிவாயு விலை ஏறும்போது மின்சார விலையும் சேர்ந்து ஏறுகிறது.

செய்தியில் வரும் அந்த ஆண்டுத் தொகையைப் பார்த்து, அதற்கு மேல் பில் வராது என்று நினைத்துவிடக் கூடாது. வரம்பு என்பது ஒரு யூனிட்டின் விலைக்கும், அன்றாட நிலைக்கட்டணத்துக்கும் மட்டுமே. நீங்கள் கூடுதலாகச் செலவழித்தால் கூடுதலாகத்தான் வரும். 2025ஆம் ஆண்டில் மின்சாரம் ஒரு யூனிட் ஏறத்தாழ 25 முதல் 27 பென்ஸ் (நூறு பென்ஸ் ஒரு பவுண்டு), எரிவாயு ஒரு யூனிட் 6 முதல் 7 பென்ஸ் என்ற அளவில் இருந்தன. நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதுபோல் அங்கே எதுவும் இல்லை. படிநிலை விகிதமும் இல்லை. முதல் யூனிட்டுக்கும் ஆயிரமாவது யூனிட்டுக்கும் வழக்கமாக ஒரே விலை. எதையுமே போடாமல் வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்கு வந்தாலும், மின்சாரத்துக்கும் எரிவாயுவுக்குமான நிலைக்கட்டணம் மாதத்துக்கு ஏறத்தாழ 25 பவுண்டு ஓடிக்கொண்டே இருக்கும். ‘ஸ்டாண்டிங் சார்ஜ்’ என்று பில்லில் இருப்பது அதுதான்.

என் கணிப்பில், முதல் குளிர்காலத்துப் பில்லின் தலைவிதி வீட்டுச் சாவி கைக்கு வரும் நாளிலேயே பாதி எழுதப்பட்டுவிடுகிறது. பெட்டிகளை இறக்கி வைப்பதற்கு முன்னால் மீட்டர் எங்கே இருக்கிறது என்று கேட்டு, அதன் எண்ணையும் அன்றைய அளவையும் தேதியோடு கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எரிவாயு மீட்டர் தனியாக இருந்தால் அதையும் எடுங்கள். அது கன மீட்டரில் காட்டும், ஒரு கன மீட்டர் என்பது பில்லில் சுமார் 11 யூனிட்டாக மாறும். நீங்கள் ஒப்பந்தம் எதிலும் கையெழுத்து இடாவிட்டாலும், அந்த வீட்டுக்கு அதுவரை மின்சாரம் கொடுத்து வந்த நிறுவனமே உங்களுக்கும் கொடுப்பதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். அந்த நிறுவனம் எது என்று வீட்டுக்காரரிடமோ முகவரிடமோ கேட்டு, உங்கள் பெயரையும் தொடக்க அளவையும் முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள். கொடுக்காவிட்டால் முன்பு குடியிருந்தவர் செலவழித்ததில் ஒரு பங்கு உங்கள் தலையில் விழ வாய்ப்பு உண்டு. உங்கள் பெயர் இல்லாமல், ‘குடியிருப்பவர்’ என்று பொதுவாக எழுதிவரும் கடிதத்தையும் குப்பையில் போட வேண்டாம். அது பெரும்பாலும் இந்த விஷயமாகத்தான் இருக்கும்.

சாவி கொடுத்தோ அட்டை போட்டோ முன்பணம் ஏற்றும் மீட்டராக இருந்தால் இன்னும் கூடுதல் கவனம் தேவை. முந்தைய குடித்தனக்காரரின் கடன் அந்த மீட்டரிலேயே தங்கியிருக்கக்கூடும். நீங்கள் கடையில் ஏற்றும் 20 பவுண்டில் ஒரு பகுதியை அது ஓசையில்லாமல் விழுங்கிக்கொண்டிருக்கும். நிறுவனத்தை அழைத்து, புதிதாகக் குடிவந்திருப்பதைச் சொன்னால் நீக்கித் தருவார்கள்.

மாதாமாதம் வங்கியிலிருந்து ஒரே தொகையை எடுத்துக்கொள்ளும் டைரக்ட் டெபிட் முறையில், நம்மவர்கள் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. அந்த முறை ஓர் ஆண்டை முழுதாக எண்ணி வகுக்கப்பட்டது: கோடையில் நீங்கள் செலவழித்ததைவிடக் கூடுதலாகக் கட்டி மிச்சம் சேர்த்து, குளிர்காலத்தில் அந்த மிச்சத்தைக் கரைக்க வேண்டும். நம்மில் பலர் போய் இறங்குவதோ செப்டம்பர், அக்டோபர் மாதங்களில். சேர்த்து வைத்த கோடை மிச்சம் ஏதும் இல்லாமல் நேராகக் குளிருக்குள் நுழைகிறார்கள். ஜனவரியில் கணக்கில் கடன் நிற்கிறது, பிப்ரவரியில் மாதத் தொகையை உயர்த்தப்போவதாகக் கடிதம் வருகிறது. முதல் ஆண்டு மட்டுமாவது, செலவழித்த அளவுக்கே மாதந்தோறும் கட்டும் முறையைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. மாதத்தின் கடைசி நாளில் மீட்டர் அளவை நீங்களே அனுப்புங்கள். ஸ்மார்ட் மீட்டர் இருந்தால் அது தானாக அனுப்பும் என்றாலும், பில்லில் உள்ள அளவு உண்மையில் எடுக்கப்பட்டதா, உத்தேசமாகப் போடப்பட்டதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும்.

அடுத்தது, வீடு எதனால் சூடாகிறது என்பது. எரிவாயுவில் இயங்கும் பாய்லரும் சுவரோரம் ரேடியேட்டர்களும் இருந்தால், நீங்கள் ஓரளவு கொடுத்து வைத்தவர். ஒரே வெப்பத்துக்கு எரிவாயு, மின்சாரத்தின் விலையில் நான்கில் ஒரு பங்கு அளவுக்கே வருகிறது. ஆளில்லாத அறைகளின் ரேடியேட்டர் திருகைக் குறைத்து வையுங்கள். வெப்பநிலைக் கருவியை 18 முதல் 20 டிகிரிக்குள் நிறுத்துங்கள். சீக்கிரம் சூடாகட்டும் என்று 28இல் வைப்பதால் வீடு சீக்கிரம் சூடாவதில்லை. நிறுத்த மறந்து அதிகம் எரிவதுதான் மிச்சம். தேவைப்படும் நேரத்தில் மட்டும் ஓடுமாறு பாய்லரின் நேரக்கருவியை அமைத்துக்கொள்வது, நாள் முழுவதும் மெல்ல எரியவிடுவதைவிடப் பெரும்பாலான வீடுகளில் சிக்கனமானது.

எரிவாயு இணைப்பே இல்லாத அடுக்குமாடி வீட்டில்தான் சோதனை. நான் வடக்கு இங்கிலாந்தில் முதலில் தங்கியது அப்படியொரு வீட்டில். சுவரில் கனத்த பெட்டிகள் இருந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் இரண்டு திருகுகள். அவை ஸ்டோரேஜ் ஹீட்டர்கள் என்பதும், உள்ளே செங்கற்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதும் எனக்குத் தெரியாது. ‘எக்கானமி 7’ என்ற கட்டண முறையில் இரவு ஏழு மணி நேரம் மின்சாரம் மலிவு. அந்நேரத்தில் செங்கல் சூடேறி, பகலில் அந்தச் சூட்டை வெளிவிடும். சூளையில் எடுத்த கல் மறுநாளும் கை வைக்க முடியாமல் சுடுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். நான் இரண்டு திருகுகளையும் முழுதாகத் திறந்துவிட்டுப் படுத்தேன். இரவெல்லாம் சூடு வெளியேறி, வேலை முடிந்து மாலையில் வரும்போது வீடு சில்லிட்டுக் கிடக்கும். உடனே கடையில் வாங்கிய 2 கிலோவாட் ஹீட்டரைப் போடுவேன். பகல் கட்டணமோ, சாதாரண வீடுகளின் கட்டணத்தைவிடவும் கூடுதல். குளியலறைத் தண்ணீருக்கான இம்மர்ஷன் ஹீட்டரின் சுவிட்சையும் ஃபிரிட்ஜ் போல எப்போதும் போட்டு வைத்திருந்தேன். அது 3 கிலோவாட். முதல் பில் என் மாதச் சம்பளத்தில் கால்வாசியை எடுத்துக்கொண்டது. அதே கட்டடத்தில் இருந்த குளச்சல்காரரான அக்கா ஒருவர் வந்து பார்த்துவிட்டு, “தம்பி, ராத்திரி சுட்ட கல்லைப் பகலுக்கு வெச்சிருக்கணும், நீ ராத்திரியே தொறந்து விட்டுட்டியே” என்று சிரித்தார்.

அவர் சொல்லித் தந்த முறை இன்றும் செல்லும். இரவில் எவ்வளவு சூட்டைச் சேமிப்பது என்பதற்கு ஒரு திருகு. சேமித்ததை எவ்வளவு வேகமாக வெளிவிடுவது என்பதற்கு இன்னொன்று. படுக்கப் போகும்போது இரண்டாவதை மூடிவிட வேண்டும். மாலையில் தேவைப்படும்போது திறக்க வேண்டும். மறுநாள் குளிர் கூடும் என்று வானிலை அறிக்கை சொன்னால், முதல் திருகை அன்றிரவே ஏற்றி வைக்க வேண்டும். தண்ணீரும் மலிவு நேரத்திலேயே காய வேண்டும். துணி துவைக்கும் இயந்திரத்தையும் அந்நேரத்துக்கு மாற்றலாம், ஆனால் எல்லோரும் தூங்கும்போது அதை ஓட விடுவதைத் தீயணைப்புத் துறையினர் விரும்புவதில்லை. அதிகாலையில் எழுந்ததும் போடுவது நல்லது. மலிவு நேரம் பகுதிக்குப் பகுதி மாறும் என்பதால், உங்கள் வீட்டுக்கு எப்போது என்று நிறுவனத்திடமே கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

கடையில் விற்கும் தனி ஹீட்டர்களைப் பற்றி ஒரு வார்த்தை. எண்ணெய் நிரப்பியதோ, காற்று ஊதுவதோ, விளம்பரத்தில் அதிசயமாகக் காட்டப்படும் சின்னஞ்சிறு வகையோ, எதுவாக இருந்தாலும் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் வெப்பத்துக்கு மேல் தர முடியாது. 2 கிலோவாட் ஹீட்டர் ஐந்து மணி நேரம் ஓடினால் 10 யூனிட். அதாவது ஒரு மாலைக்கே இரண்டரை பவுண்டுக்கு மேல். அதற்குப் பதிலாக 100 வாட் மின்போர்வை எட்டு மணி நேரத்துக்கும் ஒரு யூனிட்டைத் தொடாது. வீட்டைச் சூடாக்குவதைவிட ஆளைச் சூடாக்குவது மலிவு. காலுறையும் உட்சட்டையும் ஹீட்டருக்கு முன்னால் வாங்க வேண்டியவை. டிசம்பரில் மாலை நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். அப்போதே திரைச்சீலைகளை இழுத்து மூடி, கதவடி இடைவெளியில் துணியைச் சுருட்டி வையுங்கள். சமையலறையில் தேங்காய் எண்ணெய்ப் பாட்டில் உறைந்துவிட்டதே என்று பதற வேண்டாம். அது 24 டிகிரிக்குக் கீழே உறையும் பொருள், பிரிட்டனில் ஆண்டின் பெரும்பகுதி அது கட்டியாகத்தான் இருக்கும். அதை உருக வைப்பதற்காக வீட்டைச் சூடாக்கிய நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. கரியடுப்பை மட்டும் எக்காரணத்தாலும் வீட்டுக்குள் மூட்டாதீர்கள். மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு மணமின்றி ஆளைக் கொல்லும்.

மிச்சம் பிடிப்பதாக நினைத்து ஜன்னலின் காற்றுத் துளைகளை ஒட்டி அடைப்பது நம்மவர்கள் செய்யும் இன்னொரு தவறு. நம் சம்பா அரிசி மூடியில்லாமல் முக்கால் மணி நேரம் கொதிக்கிறது, அறைக்குள்ளேயே துணி காய்கிறது, அந்த நீராவியெல்லாம் குளிர்ந்த சுவரில் படிந்து அலமாரிக்குப் பின்னால் கரும்பூசணமாகிறது. ஈரச் சுவருள்ள வீட்டைச் சூடாக்கவும் செலவு கூடும். காலி செய்யும்போது முன்பணத்தில் பிடித்தமும் நடக்கும். குக்கரில் சமையுங்கள், புகைபோக்கி விசிறியை ஓட விடுங்கள், காலையில் பத்து நிமிடம் ஜன்னலைத் திறந்துவிட்டு மூடுங்கள். சுவர் தானாகவே ஒழுகினால் அது வீட்டுக்காரரின் பொறுப்பு. படத்தோடு எழுத்தில் தெரிவியுங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வாடகை வீட்டின் எரிசக்தித் தரம், சில விலக்குகள் தவிர, ‘ஈ’ மதிப்பீட்டுக்குக் கீழே இருக்கக் கூடாது (‘ஏ’ மிகச் சிறந்தது, ‘ஜி’ மிக மோசம்). வீடு பார்க்கும்போதே அந்தச் சான்றிதழைக் கேளுங்கள். வாடகை 50 பவுண்டு குறைவான ‘ஈ’ வீடு, குளிர்காலத்தில் ‘சி’ வீட்டைவிட அதிகமாகவே கறந்துவிடக்கூடும்.

கட்ட முடியாத நிலை வந்தால் ஒளிந்துகொள்வதுதான் ஆகக் கெட்ட வழி. வங்கியில் டைரக்ட் டெபிட்டை மட்டும் நிறுத்திவிட்டுச் சும்மா இருந்தால், கடன் பதிவேட்டில் பெயர் கெட்டு, பிறகு வீடு கிடைப்பதே சிரமமாகும். நிறுவனத்தை நீங்களே அழைத்தால், உங்கள் வரவுக்கு ஏற்ற தவணையைப் பேசித் தர வேண்டியது அவர்கள் கடமை. 150 பவுண்டு தரும் குளிர்காலத் தள்ளுபடி, அரசு உதவித்தொகை பெறுவோரை ஒட்டியே அமைந்திருப்பதால், பொதுநிதி பெற முடியாத விசாவில் இருப்பவர்கள் அதை எதிர்பார்த்து இருக்க வேண்டாம். ஆனால் கர்ப்பிணிகள், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை உள்ளவர்கள், முதியவர்கள், ஆங்கிலம் பேசச் சிரமப்படுபவர்கள் ஆகியோரை மின்தடை போன்ற நேரங்களில் முதலில் கவனிப்பதற்காக நிறுவனம் வைத்திருக்கும் முன்னுரிமைப் பதிவேடு இலவசம்; அது பணஉதவி அல்ல என்பதால் தயங்காமல் சேரலாம். ஊரிலிருந்து பேரக்குழந்தையைப் பார்க்க அம்மா அப்பா வந்து தங்கும் காலத்திலும் இதை நிறுவனத்திடம் சொல்லி வையுங்கள். நிறுவனத்தின் தவறால் பில் வராமல் போயிருந்தால், ஓராண்டுக்கு முந்தைய செலவை உங்களிடம் கேட்க முடியாது. புகார் எட்டு வாரத்தில் தீரவில்லை என்றால் எரிசக்திக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் போகலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அதற்கு முன் வழிகேட்க ‘சிட்டிசன்ஸ் அட்வைஸ்’ அமைப்பு இருக்கிறது.

வீட்டை மாற்றும் நாளில், வந்த நாளில் செய்ததையே மறுபடி செய்ய வேண்டும்: மீட்டரின் படம், தேதி, நிறுவனத்துக்குத் தகவல். இறுதிப் பில் ஆறு வாரத்துக்குள் வர வேண்டும். கணக்கில் உங்கள் பணம் மிச்சம் இருந்தால் அது வங்கிக்குத் திரும்பும். நிரந்தரமாக ஊர் திரும்புகிறவர்கள், அந்தப் பணம் வந்து சேரும்வரை அங்குள்ள வங்கிக் கணக்கை மூடாமல் வைத்திருங்கள்.