கைவிடப்பட்ட செஸ்ட்நட் தோப்பை மீட்பது எப்படி?

தெற்குப் பிரான்சின் செவென் மலைகளில், செஸ்ட்நட் என்ற கொட்டை மரத்தை ‘ரொட்டி மரம்’ என்பார்கள். தானியம் சரியாக விளையாத அந்தச் சரிவுகளில் தலைமுறை தலைமுறையாகச் சோறு போட்டது அந்த மரம்தான். பிறகு நோய் வந்தது, தோல் பதனிடும் டானினுக்காக மரங்கள் வெட்டப்பட்டன, மக்களும் ஊரைவிட்டுப் போனார்கள். தோப்புகள் புதர் மண்டிவிட்டன. அப்படி ஒரு தோப்பில் வேலை செய்ய வாய்ப்புக் கிடைத்தால் இப்படித் தொடங்குங்கள்.

1. முதல் குளிர்காலத்தில் அரிவாளைத் தொடாதீர்கள். இலை உதிர்ந்தபின் சுற்றிவந்து, முதிய மரங்களுக்குச் சாயத்தால் குறி போடுங்கள். பொந்து விழுந்த மரத்தைச் செத்த மரமென்று நினைக்க வேண்டாம். நடுக்கட்டை இற்றுப்போனாலும், பட்டையை ஒட்டிய கட்டை வழியாக நீர் மேலே ஏறும். ஆந்தை, வௌவால், மட்கிய கட்டையைத் தின்னும் வண்டுப் புழு எல்லாம் வாழ்வது அந்தப் பொந்தில்தான். தயவுசெய்து சிமென்ட் போட்டு அடைக்காதீர்கள்!

2. நெருக்கும் மரங்களை இரண்டு மூன்று ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாக அகற்றுங்கள். நிழலில் இருந்த தண்டில் திடீரென வெயில் பட்டால் பட்டை வெந்துவிடும்.

3. அப்புறம் கவாத்து. காய்ந்த கிளைகளைக் குளிர்காலத்தில் வெட்டுங்கள். பட்டை வெடித்து ஆரஞ்சு நிறப் புள்ளிகள் தெரிந்தால் அது பட்டைக் கருகல். ஐரோப்பாவில் முதன்முதலாக 1938-இல் இத்தாலியின் ஜெனோவா அருகே கண்டறியப்பட்ட பூஞ்சை நோய். ஒவ்வொரு மரத்துக்கும் முன் ரம்பத்தை ஆல்கஹாலால் துடையுங்கள். புண் தடித்து ஆறிவருகிறதா? அதை விட்டுவிடுங்கள். பூஞ்சையைப் பலவீனமாக்கும் ஒரு வைரஸ் அங்கே இருக்கக்கூடும். அது மற்றப் புண்களுக்கும் பரவினால் தோப்புக்கே நல்லது.

4. பழைய ரகங்களைக் காப்பாற்ற ஒட்டுக் கட்டியே ஆக வேண்டும். விதையில் தாய்மரத்தின் குணம் அப்படியே வராது. குளிர்காலக் கடைசியில், மொட்டு விரியும் முன், நோயில்லாத கிளையிலிருந்து குச்சிகளை வெட்டி, ஈர மணலில் குளிர்ச்சியாக வையுங்கள். வசந்தத்தில் பட்டை எளிதாக உரியும்போது இளங்கன்றில் ஒட்டுங்கள். ஒரே ரகத்தோடு நிறுத்தாதீர்கள். பல ரகங்களுக்கு வேறு ரகத்தின் மகரந்தம் வேண்டும்.

5. சரிவில் மண்ணைத் தாங்கும் கல்கட்டுகள் இடிந்திருந்தால், சாந்து பூசாமல் அடுக்குங்கள். மழைநீர் கசிந்து வெளியேற இடம் வேண்டும். பல்லிகளும் அங்கே குடியேறும்.

6. தரையில் புல்லை ஆடு மேயட்டும். செப்டம்பரில் ஒருமுறை அறுத்துவிட்டால், அக்டோபரில் உதிரும் காய்களைப் பொறுக்கலாம். தோப்போரம் ‘கிளேத்’ என்ற கல்வீடு இருந்தால் முதலில் அதன் கூரையைச் சரிசெய்யுங்கள். மேல்தட்டில் செஸ்ட்நட்டைப் பரப்பி, கீழே வாரக்கணக்கில் கனலும் புகையும் விட்டு உலர்த்துவது அங்கேதான்.