கார்ட் விவரம் மோசடிக்காரரிடம் போய்விட்டதா? உடனே செய்யவேண்டியவை

"உங்கள் பார்சல் தபாலகத்தில் நிற்கிறது, விலாசம் சரியில்லை, சின்னக் கட்டணம் ஒன்று கட்டுங்கள்" என்று எஸ்எம்எஸ் வருகிறது. லிங்கைத் தட்டி, கார்ட்டின் 16 இலக்கம், முடிவுத் திகதி, பின்பக்கத்து 3 இலக்கம் எல்லாம் போட்ட பிறகுதான் பலருக்கு உறைக்கிறது. வீட்டில் ஏசுவார்கள் என்று பயந்து பேசாமல் இருக்காதீர்கள், அந்த நேரம் முழுக்க மோசடிக்காரருக்குத்தான் லாபம்.

முதலில் கார்ட்டை நிறுத்துங்கள். வங்கி ஆப்பில் கார்ட்டைப் பூட்டும் வசதி இருந்தால் அதிலேயே பூட்டுங்கள், அப்புறம் கார்ட்டின் பின்பக்கம் இருக்கும் எண்ணுக்கு எடுங்கள். மூதூரிலோ கிண்ணியாவிலோ இருந்துகொண்டு, விடியட்டும், பஸ் ஏறி திருமலை டவுன் கிளைக்குப் போய்ச் சொல்வோம் என்று நினைக்கவே வேண்டாம், அதற்குள் கணக்கு காலியாகலாம், அதுவும் மறுநாள் போயா விடுமுறை என்றால் கிளையும் பூட்டு. அந்த எஸ்எம்எஸ்ஸில் இருக்கிற எண்ணுக்கும், இணையத்தில் தேடி முதலில் வருகிற எண்ணுக்கும் எடுக்காதீர்கள்.

பேசும்போது "கார்ட்டை நிரந்தரமாக ரத்துச் செய்து புது இலக்கத்தில் தாருங்கள்" என்று தெளிவாகக் கேளுங்கள். ஃபோனுக்கு வந்த ஒருமுறைக் கடவு எண்ணையும் (ஓடிபி) கொடுத்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் அதை வைத்து உங்கள் கார்ட்டை அவர்கள் தங்கள் ஃபோனிலேயே சேர்த்திருக்கக்கூடும், அதையும் வங்கிதான் நீக்க வேண்டும். பேசியவரின் பெயர், நேரம், முறைப்பாட்டு இலக்கம் மூன்றையும் எழுதி வையுங்கள். பின்னால் வங்கியோடு வாக்குவாதம் வந்தால் இதுதான் கைகொடுக்கும்.

இன்டர்நெட் பாங்கிங் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். அவர்கள் சொல்லி ஏதாவது ஆப் இறக்கியிருந்தால் முதலில் டேட்டாவை நிறுத்தி அதை அழித்துவிட்டு, வேறு ஃபோனிலிருந்து மாற்றுவது நல்லது.

அடுத்து கணக்கைப் பாருங்கள். தெரியாத கடைப் பெயரில் ஒரு டொலர், இரண்டு டொலர் என்று போயிருந்தால் சின்னத்தொகைதானே என்று விடாதீர்கள்: கார்ட் வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் அப்படி எடுப்பார்கள், பெரிய தொகை பின்னால் வரும். நீங்கள் செய்யாத ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் எழுத்திலேயே மறுத்து, எஸ்எம்எஸ், லிங்க், வங்கி அனுப்பிய தகவல் எல்லாவற்றையும் ஸ்க்ரீன்ஷொட் எடுத்து இணையுங்கள். டெபிட் கார்ட் என்றால் இன்னும் அவசரம், போவது உங்கள் சொந்தக் காசு.

காசு போயிருந்தால் பொலிஸில் முறைப்பாடு போட்டுப் பிரதி வாங்குங்கள். இணையப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் அரச அமைப்பான இலங்கை சேர்ட்டின் (Sri Lanka CERT) 101 எண்ணுக்கும் அறிவிக்கலாம். வங்கி இழுத்தடித்தால், அல்லது தரும் பதில் நியாயமாக இல்லையென்றால், மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவு இருக்கிறது, எண் 1935. ஆனால் வங்கியிடம் முதலில் எழுத்தில் முறையிட்டிருக்க வேண்டும்.

கொஞ்ச நாளில் "போன காசை மீட்டுத் தருகிறோம், முதலில் கட்டணம் கட்டுங்கள்" என்று ஒருவர் ஃபோன் எடுக்கலாம். வங்கியின் பெயரையும் சரியாகச் சொல்வார். உடனே ஃபோனை வையுங்கள், ஒரு விவரமும் கொடுக்காதீர்கள்.