கிள்ளிப் பார்க்காதீர்கள்: மார்பகத்தைக் கவனிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குளிக்கும்போது சோப்பு போடும் கையில் ஏதோ தட்டுப்படும். உடனே அந்த இடத்தை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்துப் பார்ப்போம். கட்டி போலவே இருக்கும். அன்றிரவு தூக்கம் போய்விடும். மார்பக விஷயத்தில் நாம் செய்யும் முதல் தவறு இந்தக் கிள்ளல்தான். உள்ளே பால் சுரப்பிகள், பாலைக் காம்புக்குக் கொண்டுவரும் நாளங்கள், சுற்றிலும் கொழுப்பு, எல்லாவற்றையும் தாங்கும் நார்ச்சதை என்று பலதும் கலந்திருக்கின்றன. யாருடைய மார்பகத்தைக் கிள்ளினாலும் உருண்டையாகத்தான் தட்டுப்படும். கிள்ளுவதற்குப் பதிலாக, மல்லாந்து படுத்து, பார்க்கப்போகும் பக்கத்துக் கையைத் தலைக்கு அடியில் வையுங்கள். மறுகையின் நடு மூன்று விரல்களைச் சேர்த்து, நுனியால் அல்ல, விரலின் சதைப்பகுதியால் சிறு சிறு வட்டமாகத் தடவுங்கள். முதலில் லேசாக, பிறகு சற்று அழுத்தி, கடைசியில் விலா எலும்பு தட்டும் வரை.

அப்படித் தடவினால் பலருக்கும் சில இடங்கள் கெட்டியாகத் தெரியும். அக்குளை ஒட்டிய மேல் பக்கத்தில் சுரப்பிச்சதை அதிகம், அது அக்குளுக்குள்ளும் வால் போல நீண்டிருக்கும். அடியில், பிரா பட்டை படியும் இடத்தில், வயல் வரப்பு போல ஒரு தடிப்பு. காம்பைச் சுற்றிய கருவட்டத்தில் கடுகளவுப் புடைப்புகள். இவை எண்ணெய்ச் சுரப்பிகள், பரு என்று நினைத்துப் பிதுக்கக் கூடாது. இரண்டு பக்கமும் அச்சு அசலாக ஒரே அளவில் இருப்பது அபூர்வம். சிறு வயதிலிருந்தே உள்வாங்கியிருக்கும் காம்பு அவரவர் உடலமைப்பு. எந்த வயதிலும் புதிதாக உள்வாங்கினால்தான் டாக்டரிடம் போக வேண்டும். இந்த வித்தியாசம் பிடிபட, நம் மார்பகம் இதுவரை எப்படி இருந்தது என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். அக்காவோடோ படத்தில் இருப்பவரோடோ ஒப்பிட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை.

மாதவிலக்கு வருவதற்கு முந்தைய வாரத்தில் பார்ப்பது இன்னொரு தவறு. அப்போது ஹார்மோன்களால் நீர் கோத்து, மார்பு கனத்து, வலித்து, உள்ளே ஜவ்வரிசி நிரப்பியதுபோல் பொடிப்பொடியாக நெருடும். மாதவிலக்கு தொடங்கிய 7 முதல் 10-ஆம் நாளுக்குள் பாருங்கள். மாதவிலக்கு நின்றவர்கள் மாதத்தில் ஏதாவது ஒரு தேதியை வைத்துக்கொள்ளலாம்.

வலியை வைத்து முடிவு செய்வது எனக்குப் பெரிய வருத்தம் தரும் தவறு. வலிக்கிறது என்று பயந்து ஓடி வருகிறவர்களில் பெரும்பாலானோருக்கு ஆபத்தாக ஒன்றும் இருக்காது. ‘வலிக்கலையே, அப்புறம் பாத்துக்கலாம்’ என்று பிள்ளைகளின் பரீட்சை, வீட்டுக் கல்யாணம் என்று தள்ளிப்போடுகிறவர்களை நினைத்தால்தான் பதைப்பாக இருக்கிறது. மார்பகப் புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை.

வீட்டுக் குழந்தைகள் விஷயத்தில் நடக்கும் தவறுகளை யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. பிறந்த குழந்தைக்கு, ஆணோ பெண்ணோ, மார்பு சற்று வீங்கி ஒன்றிரண்டு சொட்டுப் பால் வரலாம். அம்மாவின் ஹார்மோன் செய்யும் வேலை இது, சில வாரங்களில் தானே வற்றும். அதைப் பிதுக்கி எடுத்தே ஆக வேண்டும் என்ற நம்பிக்கை பல பாட்டிகளுக்கு இன்னும் உண்டு. பிதுக்கினால் கிருமி ஏறிச் சீழ் பிடிக்கும். பாட்டியின் மனம் நோகாமல், ஆனால் உறுதியாக, குழந்தையைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எட்டு வயதிலிருந்து பதின்மூன்றுக்குள் பெண் பிள்ளைகளுக்குக் காம்புக்கு அடியில் பொத்தான் போலக் கெட்டியாக ஒன்று வரும். தொட்டால் வலிக்கும். பெரும்பாலும் ஒரு பக்கம்தான் முதலில் வரும், மறுபக்கம் வர மாதக்கணக்கில் ஆகலாம். அதுதான் மார்பக மொட்டு. கட்டி என்று தவறாக நினைத்து அதை வெட்டி எடுத்தால் அந்தப் பக்கம் மார்பகம் வளரவே வளராது. பருவ வயதுப் பையன்களிலும் பாதிப் பேருக்காவது இப்படி வீங்கி, பெரும்பாலும் இரண்டு வருடத்துக்குள் அடங்கிவிடும். அவன் சட்டையைக் கழற்றக் கூச்சப்படுவதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம், கேலி செய்யாதீர்கள்.

பால் கொடுக்கும் தாய்மார்களுக்கு எந்தக் கட்டி வந்தாலும் ‘பால் கட்டிக்கிச்சு’ என்று ஒரே பதில் கிடைக்கும். பெரும்பாலும் அது உண்மைதான். குழந்தைக்கு ஒழுங்காகப் பால் கொடுத்தும் இரண்டு வாரத்தில் கரையவில்லை என்றால் அதைப் பால்கட்டு என்று விட்டுவிடக் கூடாது. பிரசவத்துக்குப் பின் இரு அக்குளிலும் மெத்தென்று வீங்கினால், அங்கே ஒதுங்கியிருந்த மார்பகச் சதை பால் சுரப்பதாக இருக்கலாம். நெறி கட்டியிருக்கிறது என்று பயப்படுவார்கள். காட்டி உறுதி செய்துகொண்டால் போதும்.

நாமே பார்த்துக்கொண்டால் போதும் என்று நினைப்பதும் சரியல்ல. சீனாவின் ஷாங்காயில் 2,66,064 பெண்களை வைத்து நடத்திய ஆய்வின் முடிவு 2002-இல் வந்தது. சுயபரிசோதனை கற்றவர்களிடையே மார்பகப் புற்றுநோய் மரணம் குறையவில்லை, சாதாரணக் கட்டிகளுக்கான சதைச் சோதனைதான் கூடியது. மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை ஒன்றரை லட்சம் பெண்களை இருபது ஆண்டு தொடர்ந்தது. அங்கே பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையால் பரிசோதித்தார்கள். 2021-இல் வெளியான முடிவின்படி, 50 வயதைத் தாண்டியவர்களிடையே அந்த மரணம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. தமிழ்நாட்டில் முப்பது வயதும் அதற்கு மேலும் ஆன பெண்கள் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தப் பரிசோதனையை இலவசமாகவே செய்துகொள்ளலாம். பெண் டாக்டரோ நர்ஸோ வேண்டும் என்று கேட்கத் தயங்காதீர்கள்.

‘எங்க குடும்பத்துல யாருக்கும் இல்ல’ என்பது காப்பு ஆகாது. மார்பகப் புற்றுநோய் வருகிறவர்களில் பெரும்பாலானோர் குடும்பத்தில் அதற்கு முன் யாருக்கும் இருந்திருக்காது. இருந்தால் அப்பா வழியையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும், அதைத்தான் பலர் மறக்கிறார்கள். கறுப்பு பிரா, கம்பி வைத்த பிரா போட்டால் புற்றுநோய் வரும் என்ற பேச்சுக்கு ஆதாரம் இல்லை. கட்டியைச் சோதிக்க ஊசி குத்தினால் புற்றுநோய் பரவும் என்ற வீண் பயம்தான் உயிரை வாங்குகிறது. இளம் பெண்களுக்கு விரலுக்குப் பிடிபடாமல் வழுக்கி ஓடும் கட்டி பெரும்பாலும் நார்க்கட்டி, ஆபத்தில்லாதது. ஆனால் அதை ஸ்கேனும், தேவைப்பட்டால் ஊசிச் சோதனையும்தான் சொல்ல முடியும், நம் விரல் சொல்லாது.

புதிதாக வந்து போகாத கட்டி, சாத்துக்குடித் தோல் போலக் குழிவிழுந்த தோல், பிதுக்காமலே ஒரு காம்பில் மட்டும் வரும் ரத்தம் அல்லது நீர், காம்பில் ஆறாத புண், அக்குளில் கெட்டியான நெறி: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அந்த வாரமே போங்கள்.

மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே படம், எடுக்கும் நாளில் மார்பிலும் அக்குளிலும் பவுடரோ டியோடரண்டோ போட வேண்டாம். அதன் துகள்கள் படத்தில், மார்பகச் சதையில் படியும் சுண்ணப் புள்ளிகள் போலத் தெரிந்து குழப்பலாம். முன்பு எடுத்த படங்கள் இருந்தால், ரிப்போர்ட் தாளோடு படத்தையும் எடுத்துப் போங்கள். டாக்டர் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் வைத்துத்தான் பார்ப்பார்.