வெளிச்சுவரில் பூச்சு பெயர்ந்துவிட்டதா? சின்ன ஒட்டு வேலையை நீங்களே செய்யலாம்

சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பூச்சு விழுந்து, உள்ளே செங்கல் தெரிகிறதா? செய்தித்தாளை விரித்த அளவு வரைக்கும், முதல்முறை கொத்துக்கரண்டி பிடிப்பவரே பூசிவிடலாம். நான் முதலில் போட்ட ஒட்டு அடுத்த மழைக்காலத்திலேயே பலகை போல முழுசாகக் கழன்று வந்தது. கலவையில் சிமெண்டை அதிகமாகப் போட்டிருந்தேன், சுவரை நனைக்கவே இல்லை. அதனால் அந்த இரண்டையும் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் காரணத்தைப் பாருங்கள்

பூச்சு பெயர்வதற்குப் பெரும்பாலும் தண்ணீர்தான் காரணம். மேலே ஒழுகும் குழாய், சன்ஷேடில் விரிசல், சுவரை ஒட்டிக் குவிந்த மண் என எது இருந்தாலும் அதை முதலில் சரிசெய்யுங்கள். ஓதம் ஏறும் சுவரில் எத்தனை முறை பூசினாலும் உப்புப் பூத்து உதிரும்.

தூணிலோ பீமிலோ விரிசலோடு துருக்கறை தெரிந்தால், உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கிறது. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடி, வரவர அகலும் விரிசலும் பூச்சுவேலையில் தீராது. இரண்டுக்கும் பொறியாளரைக் கூப்பிடுங்கள். பழைய சுண்ணாம்புச் சுவர் என்றால் சுண்ணாம்புக் கலவையே பூச வேண்டும். சிமெண்ட் பூசினால் சுவரின் ஈரம் வெளியேற வழியில்லாமல் போகும்.

படி 1: தட்டி, வெட்டி எடுத்தல்

சுத்தியலின் கைப்பிடியால் ஓட்டையைச் சுற்றித் தட்டிப் பாருங்கள். பிடிப்புள்ள இடம் கெட்டியாக ஒலிக்கும், பிடிப்பு விட்ட இடம் வெற்றுப்பானை போல ஒலிக்கும். வெற்றொலி வரும் பகுதி முழுவதையும் உளி வைத்து எடுத்துவிடுங்கள். கண்ணாடி, கையுறை, முகமூடி மூன்றும் போட்டுக்கொள்ளுங்கள். சிமெண்ட் தோலை அரிக்கும் என்பதால் கையுறை கடைசிவரை வேண்டும்.

ஓட்டை பெரிதாகிறதே என்று தயங்க வேண்டாம். விளிம்பைச் செங்குத்தாகவோ, உள்பக்கம் சற்றுக் குடைந்தோ வெட்டுங்கள். சரிவாக விட்டால் புதுக் கலவை ஓரத்தில் காகிதம் போல மெலிந்து அங்கிருந்தே உரியும்.

படி 2: துலக்கி, நனைத்தல்

செங்கல்லைக் கம்பித் தூரிகையால் தேயுங்கள். தூசி, பாசி, உதிர்ந்த சாந்து எல்லாம் போக வேண்டும். செங்கல் இடுக்குகளில் 10 மில்லிமீட்டர் ஆழம் சுரண்டிவிட்டால் கலவைக்கு நல்ல பிடி கிடைக்கும்.

அப்புறம் தண்ணீர். காய்ந்த செங்கல் கலவையிலுள்ள நீரை உறிஞ்சிவிடும். சிமெண்ட் இறுக அந்த நீர் வேண்டும். அது போய்விட்டால் கலவை வெறும் பொடியாகவே நிற்கும். அதனால் முதல் நாள் மாலை ஒருமுறை, பூசுவதற்கு அரைமணி முன் ஒருமுறை நன்றாக நனையுங்கள். பூசும்போது சுவர் உள்ளே ஈரமாக இருக்க வேண்டும், மேலே நீர் வழியக் கூடாது.

படி 3: கலவை

1 பங்கு சிமெண்டுக்கு 5 பங்கு சலித்த மணல். உப்புள்ள கடல்மணல் ஆகாது. சிமெண்ட் கூடினால் ஒட்டு உறுதியாகும் என்று தோன்றும். ஆனால் சிமெண்ட் அதிகமான கலவை காயும்போது அதிகம் சுருங்கும். பழைய பூச்சை விடக் கெட்டியாகி, அதிலிருந்து பிரியும்.

இரண்டையும் உலர்வாகவே ஒரே நிறம் வரும்வரை கிளறிவிட்டு, நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், நீர் ஒழுகக் கூடாது. அரைமணியில் பூசி முடியும் அளவுக்கு மட்டும் கலக்குங்கள். இறுகத் தொடங்கியதைத் தண்ணீர் விட்டு இளக்கிப் பூச வேண்டாம்.

படி 4: பூசுதல்

கொளுத்தும் வெயிலிலோ மழை வரும் நேரத்திலோ தொடங்காதீர்கள். ஓட்டையிலும் விளிம்பிலும் சிமெண்ட் பாலை (தண்ணீரில் கரைத்த சிமெண்டை) தடவி, அது காயும் முன்பே கலவையை அழுத்தி அப்புங்கள். ஓரங்களில் இன்னும் அழுத்தம் கொடுங்கள்.

ஆழம் 15 மில்லிமீட்டருக்குள் என்றால் ஒரே பூச்சு போதும். மேலே போனால் முதல் பூச்சை 10 மில்லிமீட்டர் போட்டு, ஆணியால் குறுக்கும் நெடுக்கும் கீறிவிட்டு, மறுநாள் நனைத்து அடுத்ததைப் போடுங்கள். மொத்தமாக அப்பினால் தன் எடையிலேயே தொங்கிச் சரியும்.

மட்டப்பலகையின் இரு முனைகளையும் பழைய பூச்சின் மேல் வைத்து, கீழிருந்து மேலாக அசைத்து அசைத்து இழுங்கள். மிச்சம் வழித்துக்கொண்டு வரும். பிறகு பொறுங்கள். விரலால் தொட்டால் கலவை ஒட்டாமல் லேசான தடம் மட்டும் விழும்போது மணியாஸ் கட்டையால் (கைப்பிடி வைத்த தட்டையான மரக்கட்டை) வட்டமாகத் தேயுங்கள். இரும்புக் கரண்டியால் மழமழவென்று இழைக்காதீர்கள். சிமெண்ட் மேலே திரண்டு மயிரிழை விரிசல் விடும். பழைய சுவர் சொரசொரப்பானது என்றால் ஈரப் பஞ்சால் ஒற்றி அந்தத் தோற்றத்தைக் கொண்டுவரலாம்.

படி 5: ஈரம் காத்தல்

மறுநாளிலிருந்து 7 நாள், தினமும் இரண்டு மூன்று முறை மெல்லத் தண்ணீர் தெளியுங்கள். வெயில் படும் சுவரென்றால் நனைத்த சாக்கைத் தொங்கவிடுங்கள்.

பெயிண்டுக்கு 28 நாள் காத்திருங்கள். புதுச் சிமெண்டின் காரம் பெயிண்டைக் கெடுக்கும். முதலில் ஒட்டின் மேல் ப்ரைமர், பிறகு பெயிண்ட். ஒட்டுப் போட்ட இடத்தில் மட்டும் அடித்தால் நிறம் தனியாகத் தெரியும், மூலையிலிருந்து மூலை வரை அந்தச் சுவர் முழுக்க அடித்துவிடுங்கள்.