நிலவின் நிறமாலையைப் படிக்கும் முறை

நிலவின் மண் எதனால் ஆனது என்பதை அதன் ஒளியைக் கொண்டு அறிய முனைபவர், வெளுப்பும் கருப்பும் பாறையின் வகையை மட்டுமே காட்டுகின்றன என்ற எண்ணத்தை முதலில் விட வேண்டும். அரை நிலவின் பிரகாசம் முழு நிலவினுடையதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். சூரியன் நமக்குப் பின்னால் இருக்கையில் மண்துகள்கள் தத்தம் நிழலைத் தாமே மறைத்துக்கொள்கின்றன. ஒளி பக்கவாட்டில் விழுந்ததும் அந்நிழல்கள் வெளிப்படுகின்றன. கோணத்தோடு பிரகாசம் இவ்வாறு மாறும் வேகமே மேற்பரப்பின் கரடுமுரடையும் தளர்ச்சியையும் அளக்க உதவுகிறது.

பயில்வதற்கு, 2008 அக்டோபரில் ஏவப்பட்ட சந்திரயான்-1 சுமந்துசென்ற நாசாவின் எம்3 (நிலவுக் கனிமங்களை வரைபடமாக்கும்) கருவியின் தரவு ஏற்றது. அது பொதுக் காப்பகத்தில் கிடைக்கிறது. ஏறத்தாழ 0.43 முதல் 3 மைக்ரோமீட்டர் வரையிலான ஒளியை அக்கருவி பதிவு செய்தது. பெற்ற ஒளியின் அளவைச் சூரிய ஒளியின் அளவால் வகுத்தால் எதிரொளிப்பு விகிதம் வரும். ஒளி விழும் கோணமும் நோக்கும் கோணமும் படத்துக்குப் படம் வேறுபடுவதால், எல்லாவற்றையும் ஒரே பொதுக் கோணத்துக்கு மாற்றிய பின்னரே ஒப்பிட வேண்டும்.

அடுத்து, இவ்விகிதத்தை அலைநீளத்துக்கு எதிராக வரைந்தால் கிடைக்கும் வளைகோடே நிறமாலை. அதில் பிரகாசம் தாழும் இடங்களான பள்ளங்களைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு பள்ளத்தின் இரு கரைகளையும் தொடும் நேர்கோடு ஒன்றை வரைந்து, விகிதத்தை அக்கோட்டின் மதிப்பால் வகுத்தால் பள்ளத்தின் மையம் தெளிவாகும். கனிமத்துக்குள் இருக்கும் இரும்பு அயனிகள் குறிப்பிட்ட அலைநீளங்களை விழுங்குவதால் இப்பள்ளங்கள் உண்டாகின்றன. 1, 2 மைக்ரோமீட்டர்களை ஒட்டி இரண்டு பள்ளங்கள் இருந்தால் அது பைராக்சீன் என்னும் கனிமம். கால்சியம் கூடக்கூட அவை நீண்ட அலைநீளத்தை நோக்கி நகரும். 1 மைக்ரோமீட்டர் அருகே அகன்ற பள்ளம் மட்டும் இருந்து, 2-இல் ஒன்றும் இல்லையெனில் ஒலிவைன். 1.25 அருகே மெல்லிய பள்ளம் தெரிந்தால் பிளாஜியோகிளேஸ் ஃபெல்ட்ஸ்பார்.

பள்ளத்தின் ஆழத்தைக் கொண்டு கனிமத்தின் அளவைக் கணிப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். பனங்கற்கண்டைக் கட்டியாகப் பார்த்தால் பழுப்பு. இடித்து மாவாக்கினால் அதுவே வெளிறிவிடும். துகள் சிறுத்தால் ஒளி உள்ளே ஊடுருவும் தொலைவு குறைந்து, விழுங்கப்படாமலேயே சிதறித் திரும்புகிறது. கனிமம் குறையாமலே பள்ளம் ஆழம் குறைகிறது. சூரியக் காற்றும் நுண் விண்கற்களும் வேறொரு சிக்கலைச் சேர்க்கின்றன. அவற்றால் துகள்களின் மேல் படியும் மிக நுண்ணிய இரும்பு, மண்ணைக் கருமையும் செம்மையும் ஆக்கிப் பள்ளங்களைத் தேய்க்கிறது. எனவே முதல் கணிப்பை இளம் பெருங்குழிகளின் சரிவுகளில் செய்வதே நல்லது. அங்கே புதிய பாறை வெளிப்பட்டிருக்கும். நிறமாலைப் பள்ளத்தின் மையம் இருக்கும் இடத்தை நம்பலாம், ஆழத்தை ஐயத்தோடு அணுக வேண்டும் என்பது என் கருத்து.

2 மைக்ரோமீட்டருக்கு அப்பால் நண்பகல் நிலவின் சொந்த வெப்ப ஒளியும் கலந்துவிடுகிறது. 2009-இல் எம்3 தரவில் நீர் அல்லது ஹைட்ராக்சில் (ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் இணைந்தது) இருப்பதைக் காட்டிய பள்ளம் 3 மைக்ரோமீட்டரை ஒட்டியே இருந்தது. அந்த வெப்ப ஒளியைத் தரவிலிருந்து கழித்தாக வேண்டும். குறைவாகக் கழித்தால் அப்பள்ளம் நிரம்பி மறையும். மிகையாகக் கழித்தால் இல்லாத பள்ளம் தோன்றும். ஆகவே அப்பகுதியைக் குளிர்ந்த துருவப் பகுதிகளில் தொடங்கிப் படிப்பது பாதுகாப்பானது.