தொலைக்காட்சி உளவுத் தொடர்களின் நாவல்களை யாழ்ப்பாணத்திலிருந்து தேடி வாசிப்பது எப்படி

இலங்கைக்குத் தொலைக்காட்சி வந்தது 1979ஆம் ஆண்டில்தான். அமெரிக்காவில் ‘த மேன் ஃப்ரொம் அங்கிள்’ என்ற உளவுத் தொடர் 1964 முதல் 1968 வரை ஒளிபரப்பாகியபோது, ‘அங்கிள்’ (U.N.C.L.E.) என்ற உளவு அமைப்பில் பணிபுரியும் அதன் நாயகர்களான நெப்போலியன் சோலோவையும் இலியா குரியாக்கினையும் யாழ்ப்பாணத்து வாசகர் ஒருவர் வீட்டில் இருந்தபடி சந்திக்க விரும்பியிருந்தால், மெல்லட்டைப் புத்தகம் ஒன்றைத் தவிர அவருக்கு வேறு வழி இருந்திருக்காது. இவ்வகை நாவலைத் தெரிவு செய்யும்போது நாம் இன்றும் அந்த வாசகரின் இடத்தில் நின்று பார்ப்பதே சரியான அளவுகோல் என்பது என் உறுதியான கருத்து: தொடரின் ஒரு பகுதியைக்கூடப் பார்க்காதவரை அந்த நாவல் கடைசிப் பக்கம்வரை இழுத்துச் செல்லுமானால், அது தேடி வாங்கத் தகுந்த நாவலே.

இவற்றில் இரண்டு வகை உண்டு என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள். ஒளிபரப்பான பகுதியொன்றின் திரைக்கதையை உரைநடையாக்கியவை ஒரு வகை. தொடரின் கதைமாந்தரை மட்டும் எடுத்துக்கொண்டு புதிதாகப் புனையப்பட்டவை மற்றொரு வகை. இரண்டின் அட்டையிலும் நடிகர்களின் படமும் தொடரின் பெயரும் பெரிதாக இருக்கும் என்பதால், அட்டையைப் பார்த்து முடிவு செய்ய இயலாது. தொடரின் பகுதிகளது பெயர்ப்பட்டியலை இணையத்தில் எடுத்து, நாவலின் தலைப்பு அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது பெரும்பாலும் முதல் வகை. அதைப் பின்னுக்குத் தள்ளிவிடலாம்.

அடுத்ததாக, தொகுதி எண்ணை விட்டுவிட்டு ஆசிரியரைப் பின்தொடருங்கள். ஏஸ் நிறுவனம் அமெரிக்காவில் 1965இலிருந்து வெளியிட்ட ‘அங்கிள்’ நாவல்கள் 23. அவற்றைப் பலர் எழுதினார்கள். தரமும் அதற்கேற்ப ஏறி இறங்கும். அவற்றுள் டேவிட் மக்டானியல் எழுதியவற்றையே முதலில் தேடச் சொல்வேன். தொடரில் எதிரிகளின் அமைப்பு ‘திரஷ்’ (THRUSH) என்ற பெயரோடு நின்றுவிடுகிறது. அந்த எழுத்துகள் எதைக் குறிக்கின்றன என்று ஒரு பகுதியிலும் சொல்லப்படுவதில்லை. அதற்கு முழுவிரிவு கொடுத்தவர் ‘த டாகர் அஃபெயார்’ நாவலில் மக்டானியல்தான். அதே நாவலில் மனித குலத்தையே அழிக்கத் துணியும் மூன்றாவது கூட்டம் ஒன்று தலையெடுக்க, பரம எதிரிகளான இரு தரப்பினரும் ஒரே மேசைக்கு வர நேர்கிறது. வாரந்தோறும் ஒரு மணி நேரத்துக்குள் கதையை முடித்தாக வேண்டிய தொடர், தன் எதிரிகளுக்கு இவ்வளவு இடம் கொடுப்பது அரிது. நாவலுக்கு அந்த இடம் உண்டு. அதைப் பயன்படுத்தத் தெரிந்தவரைக் கண்டுபிடிப்பதே வாசகரின் வேலை.

புனைபெயர்கள் இந்தத் தேடலைச் சற்றுக் கடினமாக்கும். ‘ஐ ஸ்பை’, ‘மிஷன் இம்பொசிபிள்’ ஆகிய தொடர்களுக்கு எழுதிய ஜோன் டைகர் என்பவர் உண்மையில் வோல்டர் வேகர். 1990இல் வந்த ‘டை ஹார்ட் 2’ திரைப்படம் அவருடைய வேறொரு நாவலைத் தழுவியது. ‘அங்கிள்’ மாத இதழில் வந்த குறுநாவல்களின் கீழ் உள்ள ரொபேர்ட் ஹார்ட் டேவிஸ் என்ற பெயரோ பலர் பகிர்ந்துகொண்ட பொதுப்பெயர். ஆகவே, பெயர் ஒன்று பிடித்துப்போனால் அதன் பின்னால் இருப்பவர் யார் என்று விசாரித்த பிறகே அடுத்த புத்தகத்துக்குப் பணம் கட்டுங்கள்.

பதிப்பாண்டையும் கவனியுங்கள். ‘மிஷன் இம்பொசிபிள்’ 1966இல் தொடங்கி, 1967இல் இரண்டாம் பருவத்தோடு குழுத்தலைவரை மாற்றியது. திரைப்படங்களால் ஜிம் ஃபெல்ப்ஸ் என்ற பெயரை அறிந்தவர், முதற்பருவத்தை ஒட்டிய நாவலில் டான் பிரிக்ஸைக் கண்டு குழம்ப வேண்டியதில்லை.

தொடரைப் பார்க்காமலே வாசிக்கலாம் என்பதற்கு ‘த பிரிசனர்’ என்ற தொடர் மட்டும் விதிவிலக்கு. பதினேழே பகுதிகள் கொண்ட அத்தொடரை முழுதாகப் பார்த்துவிட்டு, அதன் பிறகு தோமஸ் எம். டிஷ் 1969இல் எழுதிய நாவலை எடுங்கள்.

இனி, வாங்கும் வழி. நகரத்துப் பழைய புத்தகக் கடைகளில் ஆங்கில நாவல்கள் கட்டுக்கட்டாகக் கிடக்கும். தேடிப் பார்ப்பதில் நட்டமில்லை, ஆனால் அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். வெளிநாட்டு விற்பனையாளரிடம் வாங்கினால் தபாற்செலவு புத்தக விலையையே மிஞ்சிவிடும். ரொறன்ரோவிலோ இலண்டனிலோ இருக்கும் மாமி, சித்தப்பா வீட்டு விலாசத்துக்கு அனுப்புவித்து, நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது கொண்டுவரச் சொல்வதே மலிவான வழி. கைக்கு அடக்கமான புத்தகங்கள் என்பதால் நாலைந்து பெட்டியின் ஓரத்திலேயே அடங்கிவிடும். பணம் செலுத்துமுன் முதுகுப்புறம், பதிப்புரிமைப் பக்கம், நடுப்பக்கம் ஆகிய மூன்றையும் படமெடுத்து அனுப்பும்படி கேளுங்கள். அறுபதுகளின் பசை இறுகிப்போனது. முதுகில் நெடுக்காக ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தால், புத்தகத்தை அகல விரித்த மறுகணமே அந்த இடத்தில் தாள் கழன்று கையோடு வரும்.

வந்து சேர்ந்ததும் வெயிலில் காயவைக்காதீர்கள். நம் வீடுகளில் இது பழகிப்போன வழக்கம்தான். ஆனால் மரக்கூழில் செய்த மலிவுத் தாள் வெயில் பட்டால் இன்னும் விரைவாகப் பழுத்து நொறுங்கும். பூச்சி இருக்குமென்ற ஐயம் இருந்தால், காற்றுப் புகாத உறையில் இட்டு இரண்டு மூன்று வாரம் ஆழ்குளிரூட்டியில் வையுங்கள். வெளியே எடுத்ததும் உறையைத் திறக்காமல் ஒரு நாள் அப்படியே விட்டால், ஈரம் தாளில் படியாமல் உறையின் வெளிப்புறத்திலேயே நின்றுவிடும். மாரிகாலத்தில் புத்தகங்களைச் சுவரோடு ஒட்டி அடுக்காமல், பின்னால் காற்றுப் போக நான்கு விரலளவு இடைவெளி விடுங்கள். வாசிக்கும்போது முழுதாக மலர்த்தாமல், பாதியளவு மட்டும் விரித்துப் பிடித்தால், உங்களுக்குப் பின் இரவல் கேட்டு வருபவருக்கும் அது ஒரே புத்தகமாகவே கிடைக்கும்.