பாதசாரி பாதுகாப்பு விளக்கு எரிகிறதா? முதலில் பம்பரைப் பாருங்கள்

சீட் பெல்ட்டும் ஏர்பேக்கும் காருக்குள் இருப்பவரின் உயிருக்கானவை. மோதலின்போது எழும்பும் பானெட்டோ சாலையில் நடந்து போகும் முகம் தெரியாத ஒருவருக்காக வைக்கப்பட்டது. அதனாலோ என்னவோ, அதன் எச்சரிக்கை விளக்கு எரிந்தாலும் மாதக்கணக்கில் கண்டுகொள்ளாமல் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். பல நேரங்களில் கோளாறு கைக்கெட்டும் இடத்தில்தான் இருக்கும். எதைத் தொடலாம், எதைத் தொடவே கூடாது என்று தெரிந்தால் தொடக்கநிலையில் இருப்பவரும் பாதி வேலையை முடித்துவிடலாம்.

எப்படி வேலை செய்கிறது?

2004-இல் வந்த ஹோண்டா லெஜண்ட், அடுத்து வந்த சிட்ரோயன் சி6, ஜாகுவார் எக்ஸ்கே போன்ற கார்கள் இந்த அமைப்புடன் தொடக்கத்திலேயே வந்தன. பானெட்டுக்கு அடியிலேயே கெட்டியான இன்ஜின் இருக்கிறது. அடிபட்டவரின் தலை பானெட்டில் விழுந்தால் தகடு நசுங்க இடமில்லை. பானெட்டின் பின்பக்கம் சில அங்குலம் மேலே எழும்பினால் அந்த இடைவெளி கிடைக்கிறது.

மோதலை உணர்வது பம்பர். பம்பர் உறைக்குப் பின்னால் நுரைக்கட்டை ஒன்று குறுக்காக ஓடும். அதன் பள்ளத்தில் மெல்லிய ரப்பர் குழாய் பதிந்திருக்கும். குழாயின் இரு முனைகளிலும் காற்றழுத்த சென்சார். குழாய் நசுங்கினால் அழுத்த அலை இரு பக்கமும் ஓடும். (சில கார்களில் குழாய்க்குப் பதிலாக அதிர்வு சென்சார்கள் இருக்கும்.) ஏர்பேக்கின் கண்ட்ரோல் யூனிட் அந்த அலையையும் வேகத்தையும் பார்த்து முடிவெடுக்கும். பல மாடல்களில் மணிக்கு ஏறத்தாழ 25 முதல் 55 கி.மீ. வேகத்துக்குள் மட்டுமே இது இயங்கும். முடிவெடுத்ததும் கீல்களுக்கு அருகே உள்ள சிறு வெடிமருந்துக் குப்பிகள் வெடித்து பானெட்டைத் தூக்கும்.

வெடிமருந்து என்ற சொல்லை மறக்காதீர்கள். இனி வரும் எச்சரிக்கைகள் எல்லாம் அதற்காகத்தான்.

படி 1: கோட் படியுங்கள்

கோட் என்பது கோளாறு வந்ததும் காரின் கணினி பதிந்துவைக்கும் குறியீடு; அதைப் படிக்கும் கருவி ஸ்கேனர். மலிவான ஸ்கேனர்கள் பலவும் இன்ஜின் கோளாறை மட்டுமே படிக்கும். ஏர்பேக் பகுதியைப் படிக்கக்கூடிய ஸ்கேனர் வேண்டும். வாங்கத் தேவையில்லை, பட்டறையில் படித்துத் தரச் சொல்லலாம். 'B' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் கோட்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் 'தற்போது உள்ளது', 'முன்பு இருந்தது' என இரண்டில் எந்த வகை என்பதையும் எழுதுங்கள். பேட்டரி பலவீனமானபோது பதிவான பழைய கோட் ஒன்றே விளக்கை எரிய வைத்திருக்கலாம். படிக்காமல் அழித்துவிட்டால் தடயமே போய்விடும்.

முன்பக்கக் கண்ணாடியில் உள்ள கேமரா அல்லது ரேடார் பற்றிய கோட் என்றால் அது வேறு அமைப்பு, தானியங்கி பிரேக்குக்கு உரியது. கண்ணாடியையும் ரேடார் முகப்பையும் துடைத்துப் பாருங்கள். கண்ணாடி மாற்றிய பிறகு வந்த கோளாறு என்றால் கேமராவை மறுசீரமைக்க வேண்டும். அது வீட்டு வேலை அல்ல.

படி 2: சமீபத்தில் பம்பரில் கை வைத்தது யார்?

டிங்கரிங், பெயின்டிங், பார்க்கிங்கில் லேசான இடி, புதிய நம்பர் பிளேட் என எதுவாக இருந்தாலும் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். என் அனுபவத்தில் இந்த ஒரு கேள்வி ஸ்கேனரைவிட வேகமாக இடத்தைக் காட்டிவிடும். பம்பருக்கு முன்னால் இரும்புக் கம்பித் தடுப்பு போட்டிருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள். மோதலை அது தன் மீது வாங்கிக்கொள்வதால் குழாய்க்குத் தகவலே ஒழுங்காகப் போகாது. இந்தியாவில் 2017 டிசம்பரிலேயே இதற்கு எதிராக மத்திய அரசு உத்தரவிட்டுவிட்டது.

படி 3: பேட்டரியைக் கழற்றிக் காத்திருங்கள்

சாவியை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். கண்ட்ரோல் யூனிட்டில் மின்சாரம் சற்று நேரம் தங்கியிருக்கும். எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்பது உங்கள் காரின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும், அதைக் குறைக்காதீர்கள்.

படி 4: பம்பர் உறைக்குப் பின்னால்

உறையைக் கழற்றியதும் குழாயை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரலால் தடவிக்கொண்டே போங்கள். பள்ளத்தை விட்டு வெளியே வந்து, உறைக்கும் நுரைக்கும் நடுவே சிக்கித் தட்டையாகியிருக்கிறதா? முனை சென்சாரின் குழலிலிருந்து நழுவியிருக்கிறதா? எலி கடித்திருக்கிறதா? நம்பர் பிளேட்டுக்கு நேர் பின்னால் இன்னும் கவனமாகப் பாருங்கள். அளவுக்கு மீறி நீளமான ஸ்குரூவின் கூர்முனை உறையைத் தாண்டி நுரைக்குள் இறங்கி, குழாயில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை போட்டிருக்கலாம்.

சந்தேகம் இருந்தால் இரு முனைகளையும் சென்சாரிலிருந்து எடுத்துவிட்டு, ஒரு முனையை விரலால் அடைத்து, மறுமுனையில் வாயால் மெதுவாக ஊதி, காற்று கசிகிறதா என்று பாருங்கள். கம்ப்ரஸர் வேண்டாம். ஓட்டை விழுந்த குழாயை ஒட்டுப்போடாதீர்கள், மாற்றுங்கள். நசுங்கி உடைந்த நுரைக்கட்டைக்கும் இதே விதிதான். வடிவம் மாறிய நுரை அழுத்தத்தைத் தவறாகவே குழாய்க்குத் தரும்.

அடுத்து கனெக்டர்கள். 'டிக்' என்ற ஓசையுடன் பூட்டியிருக்க வேண்டும். உள்ளே பச்சை பூத்திருந்தால் மின்தொடர்பு சுத்தப்படுத்தும் ஸ்ப்ரே அடித்து, நன்றாக உலரவிட்டு மாட்டுங்கள்.

மல்டிமீட்டரை எங்கே வைக்கக் கூடாது?

சென்சார் ஒயரின் இரு முனைகளையும் கழற்றிவிட்டு, அறுந்திருக்கிறதா என்று மல்டிமீட்டரால் (மின்சாரத்தை அளக்கும் கருவி) பார்க்கலாம். பானெட்டைத் தூக்கும் குப்பிகளிலோ அவற்றின் கனெக்டரிலோ வைக்கவே கூடாது. மீட்டர் தரும் சிறு மின்னோட்டத்தாலும் குப்பி வெடிக்கும் ஆபத்து உண்டு. குப்பியின் மின்தடையை ஸ்கேனர் திரையிலேயே படிக்கலாம். கோட் குப்பியைக் குறிப்பிட்டால் அங்கேயே நிறுத்திவிட்டு, பயிற்சி பெற்ற மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

குப்பிக்குப் பதிலாக ஒரு ரெசிஸ்டரை (மின்தடை தரும் சிறு பாகம்) மாட்டி விளக்கை அணைத்துத் தருகிறேன் என்று எவராவது சொன்னால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். இது பழுதுபார்ப்பு அல்ல, ஏமாற்று. ஏமாறப்போவதும் நீங்கள் அல்ல, உங்கள் கார் மோதப்போகிறவர்.

படி 5: மாட்டிச் சோதியுங்கள்

பேட்டரியை இணைக்கும்போது பானெட் மீது யாரும் சாய்ந்திருக்க வேண்டாம். சாவியைத் திருப்பினால் விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் அதுவும் கோளாறுதான். கோட்களை அழித்து, சில நாள் ஓட்டிவிட்டு மறுபடி படியுங்கள். அதே கோட் திரும்பினால், முதலில் எழுதிவைத்த குறிப்பையும் நீங்கள் மாற்றிய பாகங்களின் பட்டியலையும் சர்வீஸ் நிலையத்தில் கொடுங்கள்.

பானெட் ஏற்கெனவே எழும்பிவிட்ட கார் என்றால் மேலே சொன்ன எதையும் செய்ய வேண்டாம். ஸ்பிரிங்கால் இயங்கும் சில மாடல்களில் அழுத்தி மீண்டும் பூட்டலாம். உரிமையாளர் கையேட்டில் பாருங்கள். வெடித்த குப்பிகள் ஒருமுறைக்கு மட்டுமே. கீல்கள், சென்சார்கள், பானெட்டின் பொருத்தம் எல்லாவற்றையும் பரிசோதித்துப் புதுக் குப்பிகள் போட வேண்டும். பழைய இரும்புக் கடையில் மலிவாகக் கிடைக்கும் குப்பிகளை வாங்காதீர்கள்; எந்த வெள்ளத்தில் ஊறிய காரிலிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது.